டோஸ்ட்ருப்பில் ஒரு கோட்டை

தம்பி,

போனில் கதைத்தால் நீ என்னை முடிக்க விடமாட்டாய். "அம்மா, கோவப்படாதேங்கோ" என்பாய். அந்த ஒரு வசனத்திலேயே என் கோபம் இன்னும் ஏறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதன் பயனை இன்றைக்காவது நான் காணவேண்டும். நீ எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். வாசி. அவசரப்பட்டு எழுதியவனுக்கு மெதுவாக வாசிப்பது நல்லது.

வார இறுதிப் பேப்பரில் வந்த உன் கட்டுரையைப் பற்றித்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் எழுதிய கோட்டைக் கதைகள், பேய்க் கதைகள், கோதிக் கதைகள் என்று நீங்கள் சொல்லுகிறவை எப்படித் தொடங்கின, இன்றைக்கும் ஏன் எங்களை விடமாட்டோம் என்கின்றன என்று நீ எழுதிய அந்த நீண்ட கட்டுரை. அதுதான் உன் புத்தகத்தின் முதல் அத்தியாயமாக வரப்போகிறது என்றாய். மாத முடிவுவரை திருத்தலாம் என்றும் சொன்னாய். ஒடென்சே நூலகத்தில் வெளியீடு, நான் முன் வரிசையில் இருக்கவேண்டும் என்றாய். எல்லாம் சந்தோசம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்ன சொன்னாய்? "அப்பா வராமல் விட்டால் நல்லம் அம்மா. அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்." நான் குசினியில் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். உன் அப்பா மேசையில் இருந்து, உனக்கு அனுப்புவதற்காக மிளகாய்த்தூளைப் போத்தலில் அடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழக்கூடாதென்று போனை வைத்துவிட்டேன். அன்று வராத வாய்தான் இன்று வருகிறது.

பேப்பரை அவர்தான் முதலில் வாசித்தார். சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களை வாசித்து வாசித்து டெனிஷ் படித்த மனிதர் அவர். இப்போதும் வரிக்குக் கீழே விரலை ஓடவிட்டுத்தான் வாசிப்பார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "வடிவா எழுதியிருக்கிறான்" என்றார். அதற்குப் பிறகுதான் நான் வாசித்தேன். "இதுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்ல? பிள்ளை கண்டதைத்தானே எழுதியிருக்கிறான்" என்றார். அவர் பொறுத்துக்கொள்வார். நான் பொறுக்கமாட்டேன்.

நீ என்ன எழுதினாய் என்று உனக்கே சொல்லிக்காட்டுகிறேன், கேள். கோதிக் கதைகள் உனக்குப் பிடித்ததற்குக் காரணம் நீயே ஒரு கோட்டையில் வளர்ந்ததுதானாம். டோஸ்ட்ருப்பில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில், பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் எங்களுக்குக் கேட்கிற வீட்டில், கோட்டையாம்! மாடியில் எப்போதும் மூடியே கிடந்த ஓர் அறையாம். உனக்கு எட்டு வயதாயிருந்த ஓர் இலையுதிர்காலம் முழுக்க, பின்னேரங்களில் அந்த அறைக்குள் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டதாம். அப்பா மூன்றாம் படியில் இருந்து வழியை மறித்தாராம். "ஆர் அப்பா அழுகினம்?" என்று நீ கேட்டதற்கு, "ஒருத்தரும் இல்லை. காத்து" என்றாராம். ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டுபோய்க் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு, சிறைக்காவலாளி போலத் திரும்பியும் பார்க்காமல் இறங்கினாராம். ஒரு நாள் வீட்டுக்கு வந்த ஒரு மனிதனை மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் நிற்கவைத்தாராம். சாம்பிராணிப் புகையாம், மெழுகுதிரியாம். அம்மா வேலைக்குப் போய்விட்டாள் என்று உனக்குச் சொன்னார்களாம். வளர்ந்த பிறகுதான் விளங்கியதாம், உள்ளே அழுதது அம்மா என்று.

மாதாவே! என்னை உன் அப்பா அறைக்குள் போட்டுப் பூட்டினாராம்! தம்பி, என்னைப் பூட்டிவைக்கிற ஆம்பிளை இன்னும் பிறக்கவில்லை. அந்தப் பின்னேரங்களில் நான் முதியோர் இல்லத்தில் மாலை வேலை. நடக்கமாட்டாத கிழவர்களைத் தூக்கி இருத்தி, சாப்பாடு தீத்தி, அவர்கள் ஏசுகிற ஏச்சையும் வாங்கிக்கொண்டு நின்றேன். காலையில் உனக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டது நான். அந்த இல்லத்துச் சவர்க்கார வாசம் என் கையில் மணக்கிறது என்று மூக்கைச் சுழித்தது நீ. அது எல்லாம் உனக்கு மறந்துபோயிற்று, கோட்டை மட்டும் ஞாபகம் இருக்கிறது. உன் கட்டுரையை வாசித்த டெனிஷ் பெண்கள் என்னோடு வேலை செய்கிறார்கள். ஒருத்தி என் தோளைத் தடவி, "நீ எவ்வளவு பலசாலி" என்று கண்கலங்கினாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். இத்தனை வருடம் தலைநிமிர்ந்து உழைத்த என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குள் பாவப்பட்ட மனுசி ஆக்கிவிட்டாய்.

அந்தக் கோபத்தோடேயே நூலகத்துக்குப் போனேன். நீ கட்டுரையில் சொன்ன பழைய கதைகளை டெனிஷில் எடுத்து, ஹ்விடோவ்ரேக்கு வேலைக்குப் போகிற ரயிலில் இருந்து வாசித்தேன். படித்த பிள்ளையோடு சண்டை பிடிப்பதென்றால் நாலு விசயம் தெரிந்திருக்க வேண்டாமா? இதெல்லாம் ஓர் ஆங்கிலப் பிரபுவோடு தொடங்கியது என்று நீயே எழுதியிருக்கிறாய். தன் வீட்டைப் பழைய கோட்டை மாதிரிச் சோடித்துக்கொண்டு அதற்குள் இருந்து கோட்டைக் கதை எழுதியிருக்கிறார். எழுதியதைத் தன்னுடையது என்று முதலில் சொல்லவில்லை. இத்தாலியில் யாரோ எப்போதோ எழுதியது, கண்டெடுத்து மொழிபெயர்த்தது என்று வெளியே விட்டார். சனங்கள் விரும்பி வாசித்த பிறகுதான் "நான்தான்" என்று வந்தார். அந்தப் பொய்யில் பிறந்த குடும்பம் இந்தக் கதைக் குடும்பம்.

பிறகு வந்தவர்கள் பலரும் அந்தப் பாதையிலேயே போனார்கள். கோட்டை எங்கே? இத்தாலியில். பாதாள அறை எங்கே? ஸ்பெயினில். கொடியவன் யார்? சாமியார். பெண்பிள்ளையை அடைத்து வைக்கிறவள் யார்? கன்னியர் மடத்துத் தலைவி. எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கவேண்டிய இடத்தை விட்டு அடுத்த தரிப்பில்தான் இறங்கினேன். என் அக்கா, உன் பெரியம்மா, மன்னாரில் கன்னியாஸ்திரி. அவ வாழ்நாளில் அடைத்து வைத்தது மடத்துக் கோழிகளை மட்டும்தான். ஆனால் இங்கிலாந்தில் நெருப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு வாசித்தவர்களுக்கு அது நல்ல சுகம். பயமும் கிடைத்தது, நல்ல காலம் இது எங்கள் வீட்டில் நடப்பதில்லை என்கிற நிம்மதியும் கிடைத்தது. அவர்களுடைய சொந்த நாட்டிலேயே பெண்சாதியின் சொத்து கலியாணத்தோடு புருசன் கைக்குப் போய்விடும். அதற்குக் கோட்டை தேவைப்படவில்லை, சாம்பிராணியும் தேவைப்படவில்லை.

அதே வியாபாரத்தை நீ செய்திருக்கிறாய், ராசா. அந்தக் கதைகளின் பாதிப்பு இன்றைக்கும் தொடர்கிறது என்று பக்கம் பக்கமாக விளக்கினாயே, அது உன்னிலேயே தொடர்கிறது என்று தெரியவில்லையா? ரெலிவிஷனைப் போட்டால் அதுதான். வெளிநாட்டார் வீட்டில் யன்னல் சீலை மூடியிருந்தால் உள்ளே ஒருத்தி அழுகிறாள் என்று கதை ஆயத்தமாக நிற்கிறது. டெனிஷ்காரர் வீட்டில் மூடியிருந்தால் அங்கே யாருக்கோ தலையிடி. எங்கள் சாம்பிராணி உனக்கு மேடைப் புகையாகிவிட்டது. இங்கே பிறந்த நீ, வெளியே றோட்டில் நின்று எங்கள் யன்னலைப் பார்க்கிற ஆளைப்போல எழுதியிருக்கிறாய்.

ஆனால் உண்மையையும் சொல்லவேண்டும். அந்தக் கதைகளை எழுதியவர்களுக்குள் பெண்களும் இருந்தார்கள், அவர்களை எனக்குப் பிடித்துக்கொண்டது. ஒரு பெண் வீட்டுக்குள் பயந்து நடுங்கப் பேய் தேவையில்லை, புருசனோ மாமனோ போதும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. நேரே சொல்ல விடாத காலத்தில் கோட்டையைப் போட்டு மூடிச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு நேர்மையும் அவர்களில் சிலருக்கு இருந்தது. புத்தகம் முழுக்க எங்களைப் பயப்படுத்திவிட்டு, கடைசியில் அந்தக் கதவைத் திறந்து, இன்னதுதான் சத்தம், இன்னதுதான் வெளிச்சம் என்று காட்டிவிடுகிறார்கள். நீ பயப்படுத்தினாய். கதவைத் திறக்கவில்லை. என்னைக் கேட்டிருக்கலாம். ஒரு போன் எடுத்திருக்கலாம். நீ கேட்காததை இப்போது நான் திறக்கிறேன்.

உள்ளே அழுதது றெஜினா அன்ரி. ஓம், எங்கள் றெஜினா அன்ரிதான். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பயற்றம் பணியாரத்தோடு வருகிறவ, உன் உறுதிப்பூசுதலுக்குக் கோட்டில் பூக் குத்திவிட்டவ, "என்ர முதல் பிள்ளை நீதான்ரா" என்று உன் கன்னத்தைக் கிள்ளுகிறவ. அவவுக்கு ஏன் மனுசன் இல்லை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இருந்தான். அடிக்கிறவன். அவ ஒரு தரம் துணிந்து கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்குப் போனா. டெனிஷ் போதாது என்று அவர்கள் ஒரு தொல்க்கைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க வந்த அந்தத் தமிழ் ஆள் அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன். அவ பஸ் ஏறி வீட்டுக்கு வரும் முன்னமே அவ சொன்னதெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவ எந்தக் கந்தோர் வாசலையும் மிதிக்கவில்லை. எங்கள் சனம் இந்த நாட்டில் ஒரு கைப்பிடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருக்கு யாரோ சொந்தம்.

அந்த ஐப்பசியில் செபமாலை மாதத்துக்கு மாதா சுரூபம் வீடு வீடாகப் போய், எங்கள் வீட்டுக்கு வந்தது. எல்லாரும் செபம் சொல்லிக் கடலையும் தேத்தண்ணியும் குடித்துப் போன பிறகு, றெஜினா மட்டும் போகவில்லை. முக்காட்டை விலக்கினா. நான் அந்த முகத்தைப் பற்றி எழுதமாட்டேன். வயிற்றில் பிள்ளை வேறு. உன் அப்பாதான் சொன்னார், "மாதாவுக்கு நேர்த்தி எண்டு சொல்லு பிள்ளை. சுரூபம் இஞ்ச இருக்கும்வரைக்கும் நானும் இருப்பன் எண்டு நேர்ந்திட்டன் எண்டு சொல்லு. நேர்த்தியை அவன் முறிக்கமாட்டான், பயம் கிடக்கும்." அப்படியே போன் எடுத்துச் சொன்னோம். பெண்சாதி வேறு வீட்டில் நிற்கிறாள் என்றால் அவனுக்கும் வெட்கம். லண்டனில் தமக்கையிடம் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டான்.

சுரூபம் எங்களிடம் ஒரு கிழமைதான் இருக்கவேண்டும். நான் விடவில்லை. மாதம் முடிந்தது, திருவருகைக் காலமும் வந்தது, நான் விடவில்லை. "என்ன அக்கா, மாதாவை நீங்களே வைச்சிருக்கப் போறியளோ? எங்கட முறை எப்ப?" என்று ஒருத்தி போனில் பாய்ந்தாள். சுரூபத்தின் கை வெடித்துவிட்டது, ஒட்டின பசை காயவேண்டும் என்றேன். இன்னொருத்திக்கு வேறு சாட்டுச் சொன்னேன். கோயிலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். திருப்பட்டும் என்று விட்டேன். அதற்கிடையில் என்னோடு வேலை செய்த டெனிஷ் நேர்ஸ் ஒருத்தி, யூலன்ட் பக்கம் தூரத்தில், எங்கள் ஆட்கள் இல்லாத ஊரில், ஓர் அடைக்கல இல்லத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தாள். இடம் கிடைத்ததும் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டாள். அடுத்த நாள் மாதா அடுத்த வீட்டுக்குப் போனா.

இப்போது உன் சிறைக்காவலாளியைப் பற்றிச் சொல்கிறேன். நான் மாலை வேலை, அவர் சலவைத் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்து உன்னைப் பார்க்கிறவர். வீட்டில் நான் இல்லாத நேரம் இன்னொருவன் பெண்சாதி மாடியில். அவர் ஒரு தரம் அந்த அறைக்குள் கால் வைத்திருந்தால், ஒரு நாக்கு அசைந்திருந்தால், அழிந்திருப்பது அவவின் பெயர். அதனால்தான் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். அதன் பெயர் மரியாதை, தம்பி. உன் கதைகளில் அதற்குச் சொல் இல்லைப் போலும். ஏன் படியில் இருந்தார்? "ஆராவது படியில இருந்தால்தான் அக்கா எனக்குக் கண் மூடும்" என்று றெஜினா சொன்னா. அதற்காக அந்த விளம்பரத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு நாள்தோறும் அங்கே இருந்தார். முழந்தாளில் நின்ற மனிதன் யார் என்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும். அவன் வந்து கதவை இடித்தபோது அப்பா திறந்து, "வாரும் தம்பி. செபமாலை நேரம். முழந்தாளில நில்லும்" என்றிருக்கிறார். கோயிலில் பின் வரிசை வாங்கில் நித்திரை கொள்கிற மனிதர், அன்றைக்குச் செபமாலை முழுவதையும் சொல்லி, மன்றாட்டு மாலையும் தொடங்கி, பாதி தெரியாமல், தெரிந்த வரியையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார். மாதாவுக்கு முன்னால் அவனால் கை ஓங்க முடியவில்லை. கடைசியில் முழந்தாளைத் தடவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டான்.

அவர் சம்மனசு என்று நான் சொல்லவரவில்லை. கணக்குப் பாடத்துக்காக உன்மேல் கத்தியிருக்கிறார், நீ தலைமயிர் வளர்த்தபோது ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதை எழுது, நன்றாக எழுது, நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் செய்யாததை எழுதாதே. ஏன் இத்தனை நாள் எனக்குச் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொல்ல அது எங்களுடைய கதை இல்லை. அந்த வயிற்றில் இருந்த பிள்ளை வளர்ந்த பிறகு, தகப்பன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தாய்தான் சொல்லவேண்டும். போன வருடம்தான் சொன்னா. இந்தக் கிழமை நான் றெஜினாவுக்குப் போன் எடுத்து, உன் கட்டுரையைச் சொல்லி, உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். அவ, "எழுதுங்கோ அக்கா. புத்தகத்திலயும் போடச் சொல்லுங்கோ. நான் அழுததை மட்டும் போடவேண்டாம். திறாங்கு போட்டது நான் எண்டும் போடச் சொல்லுங்கோ" என்றா.

திறாங்கு என்றால் தாழ்ப்பாள், உனக்கு மறந்திருக்கும். நத்தாருக்கு வந்தபோது புத்தக அட்டைக்கு என்று அந்தக் கதவைப் படம் எடுத்துக்கொண்டு போனாயே, அந்தப் படத்தை எடுத்துப் பார். பெரிதாக்கிப் பார். வெளிப்பக்கத்தில் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை, சாவித் துவாரமும் இல்லை. ஒரு கைபிடி மட்டும்தான். தாழ்ப்பாள் உள்ளே. றெஜினா வந்த அடுத்த நாளே உன் அப்பா வாங்கி வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் நின்றபடி தானே பொருத்திக்கொடுத்தது. ஆணி ஒன்று கோணல். இன்றைக்கும் கிடக்கிறது. நீ கதவை வெளியே நின்று படம் எடுத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாய்.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஒடென்சேக்கு நான் தனியே வரமாட்டேன். முன் வரிசையில் றெஜினா அன்ரிக்கும் அப்பாவுக்கும் எனக்கும் இடம் போடு, இல்லாவிட்டால் ஒருவருக்கும் போடாதே. மாத முடிவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதை வாசித்தவுடன் எனக்குப் போன் எடுத்து "சொறி அம்மா" என்று சொல்லாதே, எனக்கு அது வேண்டாம்.

உன் கட்டுரையை வாசித்த அன்று உன் அப்பா இன்னொன்றும் சொன்னார், நான் மேலே எழுதவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "காத்து எண்டு சொன்னது அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, பாத்தியே" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. அவர் உனக்குச் சொன்ன ஒரே பொய் அது, தம்பி. அதையும் இன்னொருத்தியின் மானத்துக்காகச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயில் எடுத்து வீட்டுக்கு வா. மூன்றாம் படியில் அவருக்குப் பக்கத்தில் இரு. எட்டு வயதில் கேட்டதைத் திரும்பவும் கேள். இந்த முறை அவர் காற்று என்று சொல்லமாட்டார்.

அம்மா